பெயரை மாற்றினார், இசையை விடவில்லை

இந்தித் திரையின் முதற் பெண் இசையமைப்பாளர்களுள் ஒருவரான, கோர்ஷெட் ஹோம்ஜி என்ற பார்சிப் பெண்ணை இன்று நினைவுகூருகிறோம். லக்னோவில் சங்கீதம் கற்ற அவரை, பம்பாய் டாக்கீஸ் நிறுவனர் ஹிமான்சு ராய் இசையமைக்க அழைத்தார். 1935இல் முதற்படம் வெளிவந்தபோது, தம் குலப்பெண் சினிமாவில் சேர்வதா என்று பார்சி சமூகத்தார் எதிர்த்தனர். அவரோ சரஸ்வதி தேவி என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தார்.

பின்னணிப் பாடல் முறை பரவாத காலம், நடிகர்களே பாடவேண்டும். 1936இல் ‘அச்சூத் கன்யா’வுக்காக, தேர்ந்த பாடகர்களல்லாத அசோக் குமாருக்கும் தேவிகா ராணிக்கும் இலகுவான மெட்டுகள் அமைத்துப் பழக்கினார். அப்பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன.

நம்மிலும் சிலர் ஊராரின் சொல்லுக்காக வீணையை மூடிவைத்தோம். நம் பேத்திகளாவது சொந்தப் பெயரிலேயே இசையமைக்கட்டும். அதற்கு நாம் துணைநிற்போம்.