படிவம் ஒன்றுக்கு முன்



சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைக்கு, இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றில் கணிதம், அறிவியல், வரலாறு எல்லாம் பெரும்பாலும் மலாயில்தான் வரும். மலாய் போதாதவர்களுக்குப் புகுமுக வகுப்பு என்று கூடுதலாக ஓராண்டு. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் ரத்து செய்துவிட்டார்கள்; பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்று வீட்டுக்குச் சொன்ன தாளும் அதோடு போயிற்று.

1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்றவற்றின் துணைப்பாட வகுப்பு அருகில் இருந்தால், நீண்ட விடுமுறையில் விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடநூல்கள் இருக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம் மலாயில் சத்தமாக வாசித்து, புரிந்ததை அம்மாவிடம் தமிழில் சொல்லட்டும். மூட்டை மூட்டையாகப் பயிற்சி நூல் வாங்குவதைவிட இது மேல் என்பேன்.

இன்னொன்று. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு தானாக வந்துவிடாது. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். தமிழ் வகுப்பு வேண்டுமென்று பதிவு நாளிலேயே எழுதிக் கொடுங்கள். பக்கத்து லயத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.