சைக்கிளுக்கு ஒரு பாதை வேண்டும்

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வட்டி, வரவு செலவு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப ரோட்டைப் பத்திப் பேசுவோம். குழுவுக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. நம்ம உறுப்பினர் ஒருத்தர் மூன்று வாரமாகத் தவணை கட்டவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் காலில் மாவுக்கட்டு. விடியுமுன்னே அளத்து வேலைக்குச் சைக்கிளில் போனவர், பின்னால் வந்த கண்டெய்னர் லாரியின் ஆரன் சத்தத்தில் பதறி, மண்ணில் இறங்கி விழுந்திருக்கிறார். லாரி மேலே படவே இல்லை. "பட்டிருந்தா தவணை கேக்க யார்ட்ட மதினி வருவீங்க?" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல் பக்கத்து அளங்களுக்குப் போகிறவர்களும், டவுனுக்கு மீன் கொண்டு போகிறவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் துறைமுகத்து லாரிகளோடு ஒரே ரோட்டில்தான் போகிறோம். 40 அடிப் பெட்டி ஏற்றிய லாரி இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே ஒதுங்கி வரும். பக்கத்தில் ஒட்டிப் போகிற சைக்கிள் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. டிரைவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. ரோட்டைத்தான் மாத்தணும்.

வெள்ளைக் கோடு போட்டால் போதாதா என்றால், போதாது. கோட்டின் மேல் லாரியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நடுவில் ஒரு கல்வரிசையோ திண்டோ வேண்டும். ஒரு சைக்கிள் இன்னொன்றைத் தாண்டிப் போக 2 மீட்டர் அகலம் வேண்டும்.

நெதர்லாந்து நாட்டில் இன்று எங்கும் சைக்கிள் பாதை. அது சும்மா வந்ததில்லை. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். தாய் தகப்பன்மார் தெருவுக்கு வந்து மறித்தார்கள். அதற்குப் பிறகே அரசாங்கம் அசைந்தது.

நம் நாட்டிலும் பெண்கள் சைக்கிளுக்காக வெளியே வந்ததுண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா ஆதரவோடு ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் அதில் உண்டு. ஊர்க் கேலியை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு எல்லாப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் விரிந்தது. சைக்கிள் வீட்டுக்கு வந்தாச்சு, ஓட்டத்தான் இடமில்லை. லாரிக்குப் பயந்து மகளுடைய சைக்கிளைத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிற வீடு நமக்குத் தெரியாதா?

பாதையைக் கேட்டு வாங்குவது பாதி வேலைதான். டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-இல் பஸ்ஸுக்கு நடுவில் தனி வழியும் ஓரத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதையும் போட்டார்கள். நெரிசல் கூடிவிட்டது என்று கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அதை எடுக்கச் சொல்லிப் போட்ட வழக்கை 2012-இல் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படியும் 2016-இல் அந்தத் தடத்தை இடித்தார்கள். சத்தம் போட்டது கார் வைத்திருந்தவர்கள். சைக்கிளில் போனவர்கள் கூலிக்காரர்கள், ஒரு நாள் வேலையை விட்டு மனுக் கொடுக்க அவர்களால் ஆகுமா?

நம்மையும் சொல்லணும். ஓரத்தில் கருவாடு காயப்போடுவது யார்? இட்லிக் கடைப் பெஞ்சைப் போடுவது யார்? பாதை வந்தபிறகு அதில் கூடையை இறக்கி வைத்தால், ஒருத்தரும் ஓட்டவில்லை, எடுத்துவிடலாம் என்று எழுதிவிடுவார்கள்.

"இப்பத்தான் எல்லாரும் ஸ்கூட்டி வாங்குதாங்களே" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். வாங்கட்டும், சந்தோசம். பெட்ரோலுக்குக் காசில்லாத நாளில் அவளும் சைக்கிளைத்தான் தேடுவாள்.

திங்கட்கிழமை கோரம்பள்ளத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு போகிறோம். எந்த வளைவில் பயம், எந்த நேரத்தில் லாரி அதிகம் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். கையெழுத்துப் போடாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஊக்குநரிடம் போட்டுவிடுங்கள். கட்டுப் போட்ட மதினி கையெழுத்து முதல் வரியில் இருக்கிறது.