படுக்கையருகில் கேட்க வேண்டிய கேள்வி

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



இன்று மலச்சிக்கலைப் பற்றிப் பேசப் போகிறோம். சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிலர் முகம் சுளிக்கலாம். சபையார் கூடியிருக்கும் இடத்தில் இது என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். வார்டுகளில் வியாதியஸ்தரின் அருகில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்கள் நாங்கள். டாக்டரிடம் சொல்லக் கூசுகிற காரியத்தை எங்களிடம் மெதுவாகச் சொல்லுவார்கள். "ஐயா, அஞ்சு நாளாச்சு" என்பார்கள். அதற்குமேல் பேச்சு வராது.

இதில் அதிகமாய்ப் பாடுபடுகிறவர்கள் புற்றுநோய் முற்றியவர்கள். அவர்களுடைய வலிக்கு மார்ஃபின் கொடுக்கிறோம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திற்குப் பிறகு இந்த மருந்து ஏழைகளுக்கு எட்டாததாகிவிட்டது. பலர் போராடியதன் பலனாக 2014ல் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்றுத் திறந்தது. அப்படி அரிதாய்க் கிடைத்த மருந்து வலியை அடக்குகிறது. கூடவே குடலின் அசைவையும் அடக்கிவிடுகிறது. மலத்திலுள்ள நீர் வற்றி, அது கல்லாய் இறுகிப்போகிறது. மார்ஃபினால் வரும் வாந்தியும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் குறையும். மலச்சிக்கலோ மருந்து சாப்பிடும் காலமெல்லாம் கூடவே இருக்கும். அப்போது சிலர் யாரிடமும் சொல்லாமல் மார்ஃபினை நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றுப் பாட்டைவிடப் புற்றுநோயின் வலியே மேல் என்று எண்ணிவிடுகிறார்கள். இந்த நிலைக்கு ஒருவரையும் விடக்கூடாது என்பதே இன்று நாங்கள் சொல்ல வந்த செய்தி.

இதற்கு மருந்து உண்டு. அந்த மருந்துச் செடி நம்முடைய மண்ணிலேயே விளைகிறது. நூல்கள் அதை நிலாவாரை என்கின்றன. நம் பக்கத்து விவசாயிகள் அவுரி என்கிறார்கள். நீலச்சாயம் எடுக்கும் அவுரி வேறு. உலகச் சந்தையில் இதன் பெயர் திருநெல்வேலி சென்னா. தூத்துக்குடி 1986ல்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் நாமும் திருநெல்வேலிச் சீமைதானே! மழையை நம்பிய நிலத்தில் விதைத்து, இலையைக் கையால் உருவி, காய வைத்து, பேல்களாக அழுத்திக் கட்டி நம் துறைமுகத்தின் வழியாக அனுப்புகிறார்கள். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இதில் ஒரு தனி ரகமே வெளியிட்டிருக்கிறது. நம் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. முத்து போயிற்று; இந்த இலை இன்னும் கப்பல் ஏறுகிறது.

நம் பாட்டிமார் இந்த இலையைக் கஷாயம் வைத்தார்கள். ஒரு நாள் ஒன்றும் நடக்காது. மறுநாள் வயிற்றைப் பிடுங்கும். இலைக்கு இலை வீரியம் வேறுபட்டதே காரணம். 1941ல் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில், சாண்டோஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆர்தர் ஸ்டோல் என்ற வேதியியல் அறிஞரும் அவருடன் உழைத்தவர்களும் இலையில் உள்ள சென்னோசைடு என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பின்பு அளவு தெரிந்த மாத்திரை செய்ய முடிந்தது. இந்தப் பொருள் சிறுகுடலில் இரத்தத்தோடு சேராமல் பெருங்குடல் வரை போகிறது. அங்கே இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் அதை மாற்றிய பிறகே அது வேலை செய்கிறது. குடல் அசைகிறது, மலத்தில் நீர் தங்குகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ஆகையால்தான் நர்ஸ் அம்மா இரவில் படுக்கும் வேளையில் இந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள்.

இது மெய்யாகவே பலன் தருகிறதா என்று ஜப்பானில் 90 நோயாளிகளிடம் சோதித்து 2021ல் வெளியிட்டார்கள். நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சென்னா, ஒன்றுக்கு மெக்னீசியம் ஆக்சைடு, ஒன்றுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, 28 நாள். குணம் கண்டவர்கள் சென்னாவில் 100க்கு 69 பேர், மெக்னீசியத்தில் 68 பேர், வெற்று மாத்திரையில் ஏறக்குறைய 12 பேர்.

மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு எது நல்லது? இதை முதலில் கேட்டவர்களில் நம் அண்டை வீட்டாரும் உண்டு. கோழிக்கோட்டில் 1993ல் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய உடன் ஊழியரும் ஓர் ஆய்வு செய்து 1998ல் வெளியிட்டார்கள். விளக்கெண்ணெய், நெய், பால், மூலிகைகள் சேர்ந்த மிஸ்ரக ஸ்நேகம் என்ற ஆயுர்வேத மருந்தைச் சென்னா மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆயுர்வேத மருந்து கொஞ்ச அளவே போதும், நாளுக்கு ஒரு வேளை போதும், விலையும் குறைவு என்று கண்டார்கள். பெரிய ஆஸ்தியில்லாத இடத்திலும் நேர்மையான சோதனை செய்யலாம் என்பதற்கு இது சாட்சி.

கனடாவில் வேறொரு சோதனை நடந்தது. டாக்குசேட் என்ற மருந்தைச் சென்னாவோடு சேர்த்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் இல்லங்களில் 74 பேருக்குச் சென்னா கொடுத்து, ஒரு பாதிக்கு டாக்குசேட்டும், மறு பாதிக்கு வெற்று மருந்தும் கூட்டினார்கள். 2013ல் வெளிவந்த முடிவின்படி, டாக்குசேட்டினால் அதிகப் பலன் ஒன்றும் காணவில்லை. விழுங்கவே கஷ்டப்படுகிற ஒருவருக்குப் பயனில்லாத மாத்திரை ஒன்று குறைந்தாலும் அது இரக்கந்தான்.

2015ல் காக்ரேன் என்னும் ஆய்வுக் குழுவினர் இந்தப் பொருளில் உலகமெங்கும் நடந்த தகுந்த சோதனைகளைத் தேடினார்கள். அகப்பட்டவை 5, அவற்றில் சேர்ந்த நோயாளிகள் 370 பேர். கேரளத்து ஆய்வும் அதில் ஒன்று. எந்த மருந்து மேலானது என்று தீர்ப்புச் சொல்ல அவை போதவில்லை. எத்தனையோ லட்சம் பேர் படும் வேதனைக்கு 370 பேரிடம் செய்த சோதனைதான் ஆதாரம்! வெட்கப்படுகிற வியாதிக்காகப் பணம் தர ஆள் இல்லை. ஆராய்ச்சிக்கென்று காணிக்கை கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் மாத்திரைதான் வழி என்று சொல்லவில்லை. நம் உப்பளங்களில் வேலை செய்யும் தாய்மார் பலர், ஒதுங்க இடமில்லாததால் கொளுத்தும் வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் மருந்து ஒரு கழிப்பறையும் ஒரு குடம் தண்ணீரும்.

வீட்டில் நோயாளி உள்ளவர்களுக்குச் சில வார்த்தை. மார்ஃபின் ஆரம்பிக்கும் அன்றே மலமிளக்கியும் ஆரம்பிக்க வேண்டும். சிக்கல் வந்த பின் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. டாக்டர் எழுதாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். கடையில் இலைப்பொடி வாங்கி அளவில்லாமல் கொடுக்காதீர்கள். வயிறு உப்பி வாந்தியும் இருந்தால், அல்லது இரத்தம் போனால், எந்தப் பேதி மருந்தும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

உங்கள் காணிக்கை பெரிய இயந்திரங்களுக்கு மாத்திரம் போவதில்லை. படுக்கையருகே வைக்கும் கமோடு நாற்காலிக்கும், மறைவுக்கு ஒரு திரைச்சீலைக்கும், வயதானவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லும் நர்ஸின் நேரத்திற்கும் போகிறது. இவைகளைப் போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போட முடியாது. பார்க்க வேண்டியவர் பார்க்கிறார்.

நீங்கள் வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகும்போது பழமும் பிஸ்கட்டும் கொண்டுபோகிறீர்கள், ஜெபிக்கிறீர்கள், நல்லது. இனி, தனிமையில், தாழ்ந்த குரலில் ஒன்று கேளுங்கள்: "வயிறு சரியாப் போகுதா?" பதில் வந்தால் அதை நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒரு கேள்வியினால் ஒருவர் தன் வலிமருந்தை நிறுத்தாமல் இருக்கலாம். அன்று இரவு தூங்கவும் செய்யலாம்.