இசைத்தட்டும் சுழல்மேடையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமும் சமயமும் முழங்கிய இம்மேடையில், பாட்டுப் பெட்டி வாங்குவது எப்படி என்று பேச ஒருவன் வந்து நிற்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இதற்குத் தக்க காரணம் உண்டு. நம் காலனி வீடுகளின் பரண் மீதும் தகரப் பெட்டிகளுக்குள்ளும் கிடக்கும் இசைத்தட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. ஊரை விட்டு வந்த நம் முன்னோர் பெட்டி படுக்கையோடு சுமந்து வந்தவை அவை. நாடகப் பாட்டும், நாகசுரமும், 1963இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வேங்கடேச சுப்ரபாதமும் அவற்றுள் உண்டு. இப்பொழுது நம் பிள்ளைகளுக்கு இவற்றின் மீது ஆர்வம் பிறந்திருக்கிறது, மகிழ்ச்சியே. ஆனால் கடையில் கண்ணுக்கு அழகாகத் தோன்றியதை வாங்கி வந்து விடுகின்றனர். வாங்கிய பொறி பிடிக்கவில்லையெனில் வேறு பொறி வாங்கலாம். அது தேய்த்துவிட்ட தட்டுக்கு மாற்று எங்கே வாங்குவது? பழைய தட்டுகள் சிலவற்றின் பாட்டு வேறு எவ்வடிவிலும் கிடைப்பதில்லை.

பன்னிரண்டு அங்குல எல்.பி. தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடுகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் கணக்கிட்டால், ஊசி அந்தப் பள்ளத்தில் நடக்கும் தூரம் ஏறத்தாழ 430 மீட்டர். நம் நிலையத்து நடைமேடை நீளம் இருக்கும்! அவ்வளவு தூரமும் வைரமுனை ஒன்று பிளாஸ்டிக்குச் சுவரை உரசிக்கொண்டே செல்கிறது. ஆகையால் அதன் மீதுள்ள பாரம் எவ்வளவு, முனை எவ்வடிவம் என்பவை இரண்டும் தட்டின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

கைப்பெட்டி வடிவில் மலிவாக வரும் பொறிகள் பெரும்பாலானவற்றில் பீங்கான் கார்ட்ரிட்ஜ் பொருத்தியிருப்பார்கள். அது ஐந்து கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும். நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராமே போதும். ஒரு முறை ஓட்டினால் தட்டு பாழாகிவிடும் என்று நான் அச்சுறுத்த வரவில்லை. ஆனால் அப்பெட்டிகளில் பாரத்தைக் குறைக்கவும் வழியில்லை, கார்ட்ரிட்ஜைச் சீராகத் திருப்பி வைக்கவும் வழியில்லை. தாத்தா வைத்துச் சென்ற தட்டை அதில் நாள்தோறும் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி நடுத்தர விலைக்கு வருவோம். நம் போன்ற மாதச் சம்பளக்காரர்க்கு, முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரையுள்ள பொறியையே நடுத்தரம் என்று வைத்துக்கொள்கிறேன். இத்தொகைக்குக் கிடைக்க வேண்டியவை: கனத்த தட்டம், பின்புறம் எதிர் எடை கொண்ட கை, கழற்றி மாற்றத்தக்க கார்ட்ரிட்ஜ். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

ரப்பர்ப் பட்டை இழுப்பது நல்லதா, மோட்டார் நேரே சுழற்றுவது நல்லதா என்று இசை அன்பர்கள் ஓயாமல் வழக்காடுவர். மோட்டார் அதிர்வு தட்டத்துக்கு எட்டாமல் பட்டை காக்கும். நேர்ச் சுழற்சியில் வேகம் நிலைத்து நிற்கும். செவ்வையாகச் செய்தால் இரண்டும் நன்றே. பார்க்க வேண்டியது வேறு: உங்கள் வீட்டில் இருப்பவை எவ்வகைத் தட்டுகள்? 78 வேகத் தட்டுகள் இருக்குமாயின், அவ்வேகம் உள்ள பொறியே வேண்டும். ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் எல்.பி. 120 எக்ஸ் என்னும் நேர்ச் சுழற்சிப் பொறியில் 33⅓, 45, 78 ஆகிய மூன்றும் உண்டு. எல்.பி. தட்டுகள் மட்டுமே உடையவர், ரீகா நிறுவனத்தின் பிளானர் 1 போன்ற எளிய பட்டைப் பொறியை நாடலாம். வேகம் மாற்றத் தட்டத்தைத் தூக்கிப் பட்டையைக் கையால் நகர்த்த வேண்டும். அஃது ஒரு பெரிய சிரமமன்று.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பழைய பொறி பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சி. நம் நாட்டில் 50. மின்சாரத்தின் சுழற்சியையே நம்பி ஓடும் பழைய மோட்டார்களுக்கு, 110 வோல்ட்டாக மாற்றும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்துவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடிய அம்மையார் நாலு கட்டையில் பாடுவார்! வேகம் சரியா என்று அறிய, 180 கோடுகள் கொண்ட வட்டத்தாளைத் தட்டத்தில் வைத்து, 50 சுழற்சி மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கொளியில் பார்த்தால், 33⅓ வேகத்தில் கோடுகள் அசையாது நிற்கும். நம்மவர்க்கு அதனினும் எளிய சோதனை தம்புராதான். வேகம் ஏறி இறங்கினால் மேளக்கட்டில் அது மறைந்துவிடும். தம்புராவின் சுருதியில் மறையாது. கடைக்குப் போகும்போது ஆலாபனை உள்ள தட்டு ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தட்டின் துளை நடுவில் அமையாதிருந்தாலும் சுருதி ஆடும் என்பதால், இரண்டு தட்டுகளாகக் கொண்டு செல்வது நலம்.

கார்ட்ரிட்ஜில் காந்தம் அசைவது ஒரு வகை, கம்பிச்சுருள் அசைவது மற்றொரு வகை. பின்னதில் பெரும்பாலானவை மிக மெல்லிய மின்னழுத்தம் தருவன. தனிப்பெருக்கியும் வேண்டும், ஊசி தேய்ந்தால் முழுவதையும் மாற்றவும் வேண்டும். நமக்கு முன்னதே பொருத்தம். ஆடியோ-டெக்னிகா வி.எம். 95 வரிசையிலும் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்பதிலும் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். ரெட்டின் உடலில் மேல்தரமான புளூவின் ஊசி பொருந்தும். ஆகவே கையிலுள்ள பணத்தை முதலில் சுழல்மேடைக்குச் செலவிடுங்கள். ஊசியைப் பின்னொரு போனஸின்போது உயர்த்திக்கொள்ளலாம் என்பது என் துணிபு.

78 வேகத் தட்டுக்கு ஊசி வேறு. அதன் முனையின் ஆரம், அங்குலத்தை ஆயிரம் கூறிட்டால் ஏறத்தாழ மூன்று கூறு, எல்.பி. ஊசிக்கு ஒரு கூறு அல்லது அதனினும் குறைவு. மெல்லிய ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் புரளும், இரைச்சலே மிஞ்சும். வி.எம். 95 வரிசையில் 78க்கென்றே ஓர் ஊசி இருப்பதால், ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகலாம். மற்றொன்று: அவ்வரக்குத் தட்டுகளைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைத்துவிடாதீர்கள், அரக்கு அதில் கரைந்துவிடும்.

ஸ்டீரியோத் தட்டுகள் 1958 முதலே விற்பனைக்கு வந்தன. பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு பக்கத்து ஒலியைத் தனித்தனியே செதுக்கியிருப்பர். நம் வீட்டுப் பழந்தட்டுகள் பலவும் மோனோ. அவற்றில் ஊசி பக்கவாட்டில் அசைவதே பாட்டு. மேலும் கீழும் துள்ளுவது வெறும் இரைச்சல். ஆம்பிளிஃபயரில் மோனோப் பொத்தான் இருந்தால் அதை அமுக்கிக் கேளுங்கள். அவ்விரைச்சல் பெரிதும் அடங்கிவிடும்.

ஃபோனோப் பெருக்கி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிப்பர். 1954இல் இதற்கு ஒரு பொது அளவு வகுக்கப்பட்டது. கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்வதே இப்பெருக்கியின் வேலை. இன்றி நேரே இணைத்தால் மிருதங்கத்தின் தொப்பி காணாமற் போகும். பொறியிலும் ஒன்று, ஆம்பிளிஃபயரிலும் ஒன்று என இரண்டும் சேர்ந்தாலும் தவறு; ஒன்றை நிறுத்திவிட வேண்டும். மண்கம்பியை இணைக்க மறந்தால் ஊமென்ற ஓசை கேட்கும்.

நம் குவார்ட்டர்ஸில் இன்னொரு தொல்லை, சரக்கு வண்டி. ஐம்பத்தெட்டு வேகன்கள் நகரும்போது தரை அதிர்ந்தால் ஊசியும் அதிரும். தரையில் நிற்கும் மேசையைவிடச் சுவரில் அறைந்த கெட்டியான பலகை மேல். ஒலிபெருக்கிகளை அதே பலகையில் வைக்கக் கூடாது. கொத்தனாரின் ரசமட்டத்தைக் கடன் வாங்கித் தட்டம் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊசியின் பாரம் பார்க்கும் சிறு தராசு ஒன்றும், கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் அளவுத்தாள் ஒன்றும் வாங்கிச் சங்க நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். உறுப்பினர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு, இரண்டு நாள் தவணைக்கு எடுத்துச் செல்லலாம்.