கற்பித்துக் கற்றல்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மாணவர் விடுதியைக் குறித்துச் சில கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தனர். கட்டடத்தைப் பற்றி அன்பர் பலர் பேசிவிட்டமையால், அதனுள் நிகழவேண்டிய கல்வியைப் பற்றி யான் பேசுவேன்.

கல்லூரிக் கல்வியாவது ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொண்டு பரீட்சையில் ஒப்புவித்தலே என நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அங்ஙனம் எண்ணினாரல்லர். ஆசான் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அவர் கணக்கு.

நம் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொன்னது இம்முறையே. 1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதுதலைக் கண்டு, மாணவரைக்கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். அதனை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை 'சென்னை முறை' எனப் பெயர்பெற்றுப் பிற நாடுகளிலும் பரவிற்று.

இனி, ஆராய்ச்சி பட்டம் பெற்றோர்க்கே உரியது என்பாரும் உளர். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்த சர் சி. வி. இராமன், முப்பட்டைக் கண்ணாடியை வைத்துச் சோதித்தபோது ஒளிப்பட்டைகள் சமமின்றி விழுதலைக் கண்டார். பாடப்புத்தகத்தில் இல்லை என்று அதனை விட்டாரல்லர், ஆராய்ந்து எழுதினார். 1906-இல் அக்கட்டுரை லண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தபோது அவர்க்கு வயது 18.

இவற்றிற் காலம் போக்கினால் மதிப்பெண் குறையாதோ எனத் தந்தையர் அஞ்சுதல் இயல்பே. யான் கண்டதொன்றைச் சொல்வேன். நம் விடுதியிற் கிராமத்து மாணவன் ஒருவன், முதற் பருவத்திற் கணிதத்தில் தவறி, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர்திரும்ப நின்றான். அதே பாடத்தில் முன்பு தவறியிருந்த மூத்த மாணவன் அவனைத் தடுத்து, இரவுதோறும் உடனிருந்து சொல்லிக்கொடுத்தான். அடுத்த பருவத்தில் இருவரும் தேறினர். "அவனுக்குச் சொன்னபோதுதான் ஐயா, எனக்கே விளங்கிற்று" என்றான் மூத்தவன். ஒரு குடும்பத்தின் முதற் பட்டம் அவ்விரவுகளாற் காப்பாற்றப்பட்டது.

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். நாள்தோறும் மாலையில் ஒரு மணிநேரம் மூத்தோர் இளையோர்க்குப் பாடஞ் சொல்லுக; அண்டைத் தெருப் பிள்ளைகள் எவ்வகுப்பினராயினும் அதற்கு வருக. ஒவ்வொரு மாணவரும் தம் ஊர் ஏரியையேனும் ஆராய்ந்து, மடை எத்தனை, பாய்ச்சல் எவ்வளவு, குறைந்தது எதனால் என எழுதுக. அவற்றையும் தம் கதை, செய்யுள், சித்திரங்களையும் சேர்த்துத் திங்கள்தோறும் கையெழுத்துப் பத்திரிகை நடத்துக.

இவற்றிற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. ஒரு விளக்கும் ஓர் அறையும் போதும். சனிக்கிழமைதோறும் யானும் வருவேன். கற்பிக்க அன்று, மாணவர் சொல்வதைக் கேட்க.