ஆல்பர்ட் ஆன வோய்ச்செக்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்க அனுபவம்னு ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். டாலரையும் பனியையும் பற்றி எனக்கு முன்னால் வந்தவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். நான் என் மாமியார் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மனைவி சிகாகோவில் பிறந்தவர். அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா, போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்.

1994-ல் என் மாமியாருக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "எங்க அப்பா எந்த ஊருன்னு கண்டுபிடிச்சுக் குடு" என்றார். அவருடைய 15-வது வயதில், 1931-ல், அப்பா இறந்துவிட்டார். சொந்த ஊரைப் பற்றி வாய் திறக்காத மனிதராம். அப்பா பெயர் ஆல்பர்ட், ஊர் 'டொம்ப்ரோவா' மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான் தெரியும்.

இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் அக்கா சிகாகோவிலேயே இருந்தவர். அடக்கத்தன்று ஏதோ கோபத்தில், "உன் அப்பன் பெத்த தாயைப் பட்டினியில விட்டுட்டுக் கப்பல் ஏறினவன்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை என் மாமியார் அறுபது வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஊர்ப் பெயர் மட்டும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சரி, போலந்துக்காரர், போலந்தில் தேடினால் போச்சு என்று நினைத்தேன். தேட ஒரு போலந்து வேண்டுமே! 1772, 1793, 1795 என்று மூன்று தவணையாக ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அந்த நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை உலகப் படத்தில் போலந்து என்று ஒரு நாடே கிடையாது. ஆகவே அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒருவர் 'ருஷ்யா' என்று இருப்பார், இன்னொருவர் 'ஆஸ்திரியா' என்று இருப்பார். இரண்டு பேரும் வீட்டில் பேசுவது போலிஷ்தான். பிரஷ்யப் பகுதியில் பதிவுகள் ஜெர்மனில், ஆஸ்திரியப் பகுதிக் கோயில் ஏடுகள் லத்தீனில், ருஷ்யப் பகுதியில் 1868 முதல் ருஷ்ய மொழியில்.

பெயர் அடுத்த தொல்லை. எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று அங்கே பாதிக் குடும்பங்களில் கதை சொல்வார்கள். அது கட்டுக்கதை. அந்த அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதியதே இல்லை. கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்தில் தயாரித்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களேதான், தொழிற்சாலையிலும் பள்ளிக்கூடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்தனிஸ்வாவ் என்பவர் ஸ்டான்லி ஆவார், செஸ்வாவ் செஸ்டர் ஆவார். ஆல்பர்ட்? அது வோய்ச்செக். ஒலியில் ஒட்டு உறவு ஏதுமில்லை. லத்தீனில் வோய்ச்செக்கை அடல்பெர்ட்டஸ் என்று எழுதுவார்கள், அந்த வழியாக ஆல்பர்ட். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. இந்த ஊரில் 'முத்துசாமி' சான்றிதழ் ஒரு எழுத்து மாறியதற்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்தவர்கள் இங்கே இருப்பீர்கள், உங்களுக்குப் புரியும்.

அமெரிக்கப் பக்கத்தை முழுசாக முடிக்காமல் போலந்துப் பக்கம் போகவே கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. குடியுரிமை மனுவில் ஆரம்பித்தேன். 1906 செப்டம்பர் கடைசிக்கு முந்தைய மனுக்களில் பெரும்பாலும் நாட்டின் பெயர் மட்டும்தான் இருக்கும். அதற்குப் பிறகு ஒரே மாதிரிப் படிவம் வந்தது, பிறந்த ஊர், வந்த கப்பல், தேதி எல்லாம் கேட்டார்கள். சிகாகோவில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருப்பது புலாஸ்கி சாலையில். அமெரிக்க விடுதலைப் போரில் உயிர்விட்ட போலந்துத் தளபதியின் பெயர் அது. அங்கே கிடைத்தது: பிறந்த ஊர் 'டொம்ப்ரோவா, ருஷ்யா', வந்த ஆண்டு 1909, கப்பல் புறப்பட்ட இடம் பிரெமென்.

பிரெமென் துறைமுகத்தின் அந்தக் காலப் பட்டியல்கள் அழிந்துவிட்டன. ஹாம்பர்க் வழியாக வந்தவர்கள் பாக்கியசாலிகள், 1850 முதல் 1934 வரை அங்கே இருக்கிறது. ஆனால் நியூயார்க்கில் இறங்கியபோது கொடுத்த பட்டியல் இருந்தது. 1907 முதல் அதில் ஒரு கேள்வி கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள்: புறப்பட்ட நாட்டில் உள்ள நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும். வோய்ச்செக், வயது 22, கூலி வேலை, எழுதப் படிக்கத் தெரியாது. நெருங்கிய உறவினர்: தகப்பனார். வோம்ஜா வட்டாரம், இன்ன கிராமம்.

தகப்பனார் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார், தாயார் பெயரை இல்லை. அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஆம்பளைதானே பெயர் கொடுப்பது என்று விட்டுவிட்டேன்.

டொம்ப்ரோவா என்றால் கருவாலி மரக் காடு என்று பொருள். அந்தப் பெயரில் ஊர்கள் ஏராளம். 'நோவா வியெஷ்' என்ற ஊர்ப் பெயரும் அப்படித்தான், அச்சாக நம்ம 'புதூர்'. 1880 முதல் 1902 வரை வார்சாவில் வெளியிட்ட ஊர் அகராதி ஒன்று இருக்கிறது. சின்னக் கிராமத்துக்குக்கூட அது எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தது என்று சொல்லும். கோயில் தெரிந்தால்தானே ஏடு! மார்மன் சபையார் உலகம் முழுக்க ஏடுகளைப் படம் பிடித்து சால்ட் லேக் நகரத்தில் வைத்திருந்தார்கள். சில டாலர் கட்டினால் படச்சுருள் நம் ஊருக்கு வரும். வோய்ச்செக்கின் ஞானஸ்நானப் பதிவு அதில் கிடைத்தது. பிந்திய ஆண்டுகள் படச்சுருளில் இல்லை. பங்குத் தந்தைக்குப் போலிஷில் ஒரு கடிதம் எழுதவைத்து, கோயில் காணிக்கையாக இருபது டாலர் வைத்து அனுப்பினேன். ஐந்து மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு உறை வந்தது, உள்ளே ஒரே ஒரு ஜெராக்ஸ் பிரதி.

ருஷ்யக் கையெழுத்து. இங்கேதான் நம் கல்லூரிக்கு நன்றி சொல்ல வேண்டும். படிக்கிற காலத்தில், மாஸ்கோவுக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்ற ஆசையில் மாலை நேர ருஷ்ய வகுப்புக்கு ஆறு மாதம் போனேன். ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை, எழுத்து மட்டும் மிச்சம். ஆனால் ருஷ்யக் கூட்டெழுத்தில் 'த' என்பது ஆங்கில 'எம்' மாதிரி இருக்கும், 'ட' என்பது 'ஜி' மாதிரி. ஒரு பக்கத்தைப் படிக்க இரண்டு ராத்திரி ஆயிற்று.

அந்தப் பகுதிப் பதிவுகள் கட்டம் போட்ட படிவம் இல்லை, கதை மாதிரி ஓடும். இன்ன ஊரில், இன்ன தேதியில், இன்னார் இன்னார் எம் முன் வந்து அறிவித்தார்கள் என்று ஆரம்பிக்கும். தேதி இரண்டாக இருக்கும், ருஷ்யரின் பழைய நாட்காட்டியும் நம்முடையதும். இதில் 1904 பிப்ரவரி 3, 16 என்று இரண்டும் இருந்தன. வோய்ச்செக்கின் தாயார், வயது 49, காலமானார். கணவரை விட்டுச் சென்றார். வாசித்துக் காட்டப்பட்டது; அறிவித்தவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் நாம் மட்டும் கையொப்பமிட்டோம் என்று பாதிரியார் முடித்திருந்தார்.

1904. அவர் கப்பல் ஏறியது 1909.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னேன். "திரும்பப் படி" என்றார். மூன்று தடவை படித்தேன். தேதியைக் காகிதத்தில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அத்தை எந்த வருஷம் வந்தாங்க?" என்று கேட்டார். அதையும் நான் பார்த்து வைத்திருந்தேன், ஆனால் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். கேட்டபிறகு எப்படி மறைப்பது? 1903 என்றேன். அம்மா சாவதற்கு முந்தின வருஷம்.

"பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது இந்த வேலை எவ்வளவோ சுலபம். எல்லிஸ் தீவுப் பட்டியல் 2001-லேயே கணினிக்கு வந்துவிட்டது. போலந்தில் தன்னார்வலர்கள் ஏடுகளுக்குப் பெயர் அட்டவணை போட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள், 'கெனெதெகா' என்று பெயர். படச்சுருள் அனுப்புவதையே 2017-ல் நிறுத்திவிட்டார்கள். நான் ஒன்றரை வருஷம் அலைந்ததை இங்கே முன்வரிசையில் இருக்கிற மாணவர்கள் ஒரு மாலையில் முடித்துவிடுவார்கள். கையெழுத்தைப் படிப்பதற்கு மட்டும் அதே இரண்டு ராத்திரி ஆகும் என்று நினைக்கிறேன்.

என் மாமியார் 1998-ல் காலமானார். அதுவரை ஒவ்வொரு பிப்ரவரி 16-ஆம் தேதியும், தான் பார்த்தே இராத அந்தப் பாட்டிக்குக் கோயிலில் பூசை வைத்தார். கடைசி வருஷம் பூசைக் குறிப்பில் அத்தையின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதியது நான்தான்.