குரோய்டன் கிணறு



கொள்ளைநோய் என்றதும் குடிசையையும் சாக்கடையையுமே நினைக்கிறோம். இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குரோய்டனோ வசதியான புறநகர். அங்கே 1937-ம் ஆண்டின் இறுதியில் டைபாய்டு காய்ச்சல் 341 பேரைப் பிடித்தது. 43 பேர் மாண்டனர்.

ஆடிங்டன் என்ற இடத்துக் குடிநீர்க் கிணற்றில் பழுதுபார்க்க ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரின் உடலில் அந்தக் கிருமி தங்கியிருந்தது. பார்வைக்கோ நல்ல சுகம். (அந்தத் தொழிலாளியை நாம் குறைகூற மாட்டோம்.) அந்நாட்களில் குளோரின் கலப்பதையும் நிறுத்தியிருந்தார்கள்; தண்ணீர் மட்டும் வீடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது! கிணற்றில் வேலை நடப்பது நகரசபையின் பொறியாளர் பகுதிக்குத் தெரியும், சுகாதார அதிகாரிக்குத் தெரியாது. இரண்டும் ஒரே நகரசபைதான். நகரசபையின் கவனக்குறைவே காரணமென்று 1938-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் இறங்கும் நாளை, இனி ஞாயிறு பூசை அறிவிப்பில் வாசிப்போம்.